மேற்படி பூனையும் முதுகலைப் பட்டமும்

முதுகலைப் பட்டத்துக்கென்று ஓர் ஆய்வேடு எழுதிச் சமர்ப்பித்து, அதன்பின் பரீட்சகர்களின் எதிரே உட்கார்ந்து வாய்மொழிப் பரீட்சைக்கும் விடை சொல்லித் தீரவேண்டும் என்ற நிலைமை எனக்கு ஏற்பட்டபோது, என் பேராசிரியர் உபதேசித்த பொருள் வல்லம் குகைக்கோயில்கள். செங்கற்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து காலாற நடந்தே போய்விடலாம். குன்றும் சிறிது, குகைகளும் சிறியவை. அவற்றுள் ஒன்றை மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன் செய்வித்தான் என்று கல்லிலேயே வெட்டியும் வைத்திருக்கிறது. செய்வித்தவன், அவன் தகப்பன், அவர்களுடைய அரசன் ஆகிய மூவர் பெயரும் தேடாமலே கிடைக்கிற பொருளைவிட ஒரு மாணாக்கனுக்கு வேறென்ன பாக்கியம் வேண்டும்? ஆனால் வீட்டருகே இருக்கும் பாக்கியத்தை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போவதுதான் வாலிப வயதின் சுபாவம். "மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத சிற்ப வேலைகள்" என்று நான் தலைப்பு எழுதிக் கொடுத்தேன்.

"எழுதப்பா; ஆனால் அந்த ஊரில் யாரும் எதையும் முடித்ததில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்" என்றார் பேராசிரியர்.

இது கடற்கரைக் கோயிலை எழுப்பிய ராஜசிம்மனுக்குச் செய்த அநியாயமே என்றாலும், திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து அங்கே போய் இறங்கிய ஒவ்வொரு முறையும், அவர் வாக்கில் ஓரளவு சத்தியம் இருப்பதாகவே பட்டது. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்ததால், பஞ்சபாண்டவர் ரதங்களிலே சிகரங்கள் லட்சணமாக நிற்க, பீமரதத்தின் அடிப்பாகம் இன்னும் பாறையாகவே கிடக்கிறது. தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளம் பூர்த்தியாகவில்லை. அதற்குள் அரசனுடைய விருதுப் பெயர்களை மட்டும் வரிசையாக வெட்டிவிட்டார்கள். வேலை முடியுமுன்னே பட்டம் வழங்கிவிடும் அந்த உத்தமமான வழக்கம் நம் சர்வகலாசாலைகளுக்கு வராமற் போனதைக் குறித்து நான் அந்த ரதத்தின் நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் வருந்தியதுண்டு. பெரிய தபசுப் பாறை போதாதென்று சற்றுத் தூரத்தில் இன்னொரு தபசுப் பாறையைத் தொடங்கி, அதையும் பாதியில் விட்டிருக்கிறார்கள். பல்லவர் போய்ப் பல நூற்றாண்டு கழித்து விஜயநகரத்தார் காலத்திலே அவ்வூர்க் குன்றில் எழுப்பத் தொடங்கிய ராயகோபுரமும் மேலே ஏறாமல் நின்றுவிட்டதைப் பார்த்தால், இதை வம்சங்களின் மேல் சுமத்துவதைவிட ஊர்க்காற்றின் மேல் சுமத்துவதே நியாயம் என்று தோன்றுகிறது. இத்தனைக்கும் 1984-இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. யாரும் முடிவுரையைக் கேட்கவில்லை.

தபசுப் பாறை விஷயம் தனி. தொண்ணூறு அடிக்கு மேல் நீண்ட அந்தப் பாறையிலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசி பாசுபதம் வேண்டிய அர்ச்சுனன் என்று ஒரு கட்சி. இல்லை, நடுவே நாகர்கள் நீந்தி ஏறும் அந்தப் பிளவு கங்கையேயாதலால் அவன் பகீரதன் என்று 1914-இல் விக்டர் கொலுபேவ் எழுதியதிலிருந்து மற்றொரு கட்சி. ஊரில் உள்ள யாவும் ராஜசிம்மன் ஒருவனே செய்வித்தவை என்று 1962-இல் இரா. நாகசாமி வாதிட்ட பிறகு, எந்த அரசன் என்பதற்கும் கட்சி ஏற்பட்டுவிட்டது. என் பேராசிரியர் அர்ச்சுனன் பக்கம். வெளிப் பரீட்சகராக வரவிருந்தவரோ பகீரதனுக்காகப் பிராணனையும் விடுவார் என்று கேள்வி. எனவே ஆய்வேடு முழுவதும் நான் "தவம் செய்பவர்" என்றே எழுதி, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே பாத்திரமாகிய பூனைக்கு ஓர் இயலே ஒதுக்கினேன். எலிகள் சூழ முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அந்தத் தவசியைப் பூனையல்ல என்று சொல்ல எந்தக் கட்சியும் இதுவரை துணியவில்லை.

எழுதியதைத் தட்டச்சு செய்யக் கோர்ட்டுக்கு எதிரே இருந்த நிலையத்தில் கொடுத்தேன். ஆயுள் முழுதும் பிராதும் பத்திரமும் அடித்துப் பழகிய அந்தப் பெரியவரின் விரல்கள் கலை விமர்சனத்துக்காகத் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "ஆய்வாளர்" என்று நான் எழுதிய இடமெல்லாம் "மனுதாரர்" ஆயிற்று. கடற்கரைக் கோயில், கிழக்கே வங்காள விரிகுடாவுக்கு உட்பட்ட நான்கெல்லைக்குள் அமைந்தது. பூனையின் இயல் நெடுகிலும் "மேற்படி பூனை", "மேற்படி எலிகள்" என்றே வந்தது. திருத்த அவகாசமில்லை, பைண்டிங் ஆகி, பொன்னெழுத்தும் ஏறிவிட்டது.

வாய்மொழிப் பரீட்சையன்று வெளிப் பரீட்சகர் ஆய்வேட்டைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "மேற்படி பூனைக்கு நான்கெல்லை குறிப்பிடவில்லையே?" என்று கேட்டார். பிறகு, இவ்வளவு வேலைகளும் ஏன் பாதியில் நின்றன என்றார். அரசன் மறைந்திருக்கலாம், யுத்தம் வந்திருக்கலாம், பாறையைக் குடைவதை விட்டுக் கல்லை அடுக்கிக் கட்டும் புதிய மோகம் பிறந்திருக்கலாம் என்று ஒப்புவித்தேன்.

"இவற்றில் நீர் எதை ஒப்புக்கொள்கிறீர்?"

"எந்த அரசன் காலம் என்று கொள்கிறோமோ, அதைப் பொறுத்தது, ஐயா."

அவ்வளவுதான். "அது மாமல்லன் காலமே" என்றார் என் பேராசிரியர். "அதை யார் நிரூபித்தார்கள்?" என்றார் வந்தவர். அதிலிருந்து அர்ச்சுனனுக்கும், அங்கிருந்து பகீரதனுக்கும் போய்விட்டார்கள். பியூன் கொண்டுவந்த காப்பி ஆறியது; என் காப்பியை நான் குடித்து முடித்தேன். பரீட்சைக்கு வந்தவன் ஒருவன் அங்கே இருக்கிறான் என்பது அவர்கள் நினைவுக்கு வந்தபோது மாலையாகிவிட்டபடியால், "முடிவுரை பூர்த்தியாகவில்லை; எனினும் பொருளுக்குப் பொருத்தமே" என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள்.

மறுநாள் தட்டச்சுக்காரரிடம் பாக்கியைக் கொடுக்கப் போனேன்.

"என்ன தம்பி, தீர்ப்பு நம்ம பக்கந்தானே?" என்றார்.

ஆமென்றேன். மேலும் படித்தால் டாக்டர் பட்டம் உண்டு என்பதையும், அதற்கும் இதே பாறைதான் என்பதையும் விளக்கினேன்.

"அப்பீலா!" என்றார் அவர், காகிதத்தை மெஷினில் ஏற்றிக்கொண்டே. "அப்படியானால் நகலுக்கு இன்றைக்கே மனுப் போட்டுவிடுங்கள். நாள் கடந்தால் தள்ளுபடியாகிவிடும்."