ரப்பர் புழுக்காரர்

மீன் பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மீன் பிடிக்கத் தயாராகிக்கொண்டே இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் போடிக்கு வர வேண்டும். ஆளுக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுவார். இல்லையென்றால் போடிமெட்டைத் தாண்டி பூப்பாறையிலோ சாந்தம்பாறையிலோ இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தை வைத்துக்கொண்டு கீழே குடியிருப்பார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலை ஏறி இறங்குவார். பைக்கின் பக்கப் பெட்டியில் மழைக்கோட்டு இருக்கிறதோ இல்லையோ, தூண்டிலில் கோக்கிற ரப்பர் புழு இருக்கும்.

ரப்பர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “பி.வி.சி. தம்பி” என்று திருத்துவார். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே சரக்குதான். அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயைத் தாராளமாகக் கலந்தால் இப்படிக் குழைந்துவிடும் என்பார். அப்படியே ஸ்தல புராணத்துக்குப் போவார். 1949ல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் நிக் கிரீம் என்பவர் முதல் புழுவை வார்த்தெடுத்த கதை அது. “அவரும் அவர் சம்சாரமும் சேர்ந்தே காய்ச்சினாங்களாம்” என்று முடிக்கும்போது பார்வை சமையல்கட்டுப் பக்கம் போகும். உள்ளேயிருந்து பதில் வரும்: “அந்தம்மாவுக்கு வேற வேலை இல்லபோல.”

வீட்டில் காய்ச்சுவது உண்டு, ஆனால் கொல்லைப்புறத்தில்தான். பால்போல வெள்ளையாக இருக்கும் திரவத்தை 175 டிகிரி வரை சூடாக்கினால் முதலில் கெட்டிப்பட்டு, பிறகு கண்ணாடிபோலத் தெளியும். அதைத் தாண்டிச் சூடேறினால் கருகி, கண்ணையும் மூக்கையும் எரிக்கிற புகை கிளம்பும். ஒருநாள் கிளம்பியது. பக்கத்து வீட்டு அத்தை மூன்று நாள் பேசவில்லை. அச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அவரே செய்தது. அதில் துளி ஈரம் இருந்தாலும் புழு முழுக்கக் கொப்புளம் போட்டுவிடும் என்பதால், தண்ணீர் விட்டு இளக்கிய ஃபெவிக்காலை இரண்டு மூன்று பூச்சுப் பூசிக் காயவைப்பார். சொந்த வீட்டுச் சுவர் மழைக்கு ஓதம் காத்துக் கிடக்கிறது. அதற்கு இன்னும் பூச்சு வரவில்லை.

காய்ச்சுவதெல்லாம் சும்மா. பத்திரப்படுத்துவதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. புழுவில் கலந்த எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது. கசிந்து பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும். தப்பான டப்பாவில் போட்டால் டப்பாவே இளகிப் பிசுபிசுத்துப் போகும். இதை அவர் கற்றுக்கொண்டது இளையராஜா செலவில். அந்தப் பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டு சி.டி. ஒன்றின் கூட்டுக்குமேல் இரண்டு புழுக்களை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது புழு, கூடு இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருந்தன. சி.டி. கூடு பாலிஸ்டைரீன், அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போடுகிற ஜாதி. 5 போட்டது பாலிபுரொப்பலீன், ஒன்றும் ஆகாது. அன்றிலிருந்து எந்த டப்பாவைக் கண்டாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் தயிர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்ததில் பக்கத்து இலைக்காரர் சட்டை நனைந்தது. “அஞ்சுதான், பயப்படாதீங்க” என்றார் இவர்.

அடுத்தது நிறம். சிவப்புப் புழுவையும் வெள்ளைப் புழுவையும் ஒரே பையில் போட்டால் வெள்ளை ரோஸாகிவிடும். அதனால் நிறத்துக்கு ஒரு ஜிப் கவர். ஏலக்காயை 7 மில்லி, 8 மில்லி என்று சல்லடையில் பிரித்துப் பழகிய கை. புழுவையும் நீளவாரியாகப் பிரிக்கும். நன்றாக இழுபடும் புதுவகைப் புழு ஒன்று வந்திருக்கிறது. அது பி.வி.சி. இல்லை. அதையும் இதையும் சேர்த்து வைத்தால் இரண்டும் கூழாகிவிடும் என்பதால் அதற்குத் தனி அலமாரி. கல்லூரிக்குப் போகிற மகனுக்குத் தனி அலமாரி கிடையாது. எல்லாவற்றுக்கும் நடுவில், வேட்டி மடிப்புக்குள், கத்திரிப்பூ நிறத்தில் பச்சை மினுக்குத் தூவிய ஒரே ஒரு பாக்கெட். அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை.

மணத்துக்குப் பூண்டு எண்ணெய். எடைக்கும் ருசிக்கும் தூள் உப்பு. உப்புக் கலந்த புழு சீக்கிரம் மூழ்கும், கடித்த மீனும் உடனே துப்பாது என்பது கணக்கு. உப்புப் புழுவைத் தோட்டத்துக் கொட்டகையில் வைக்க வாட்ச்மேன் விடவில்லை. “உப்புக்கு ஆனை வந்துரும்ணே” என்றார். 2023ல் சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டும், அடுத்த மாதமே அது கம்பம் தெருவில் வந்து நின்றதைப் பார்த்த வட்டாரம். புழு கீழே இறங்கியது.

இறங்குகிற வழியில் முந்தல் சோதனைச் சாவடி. காவலர் பெட்டியைத் திறந்தார். கவர் கவராகப் பூண்டு வாடை.

“என்னய்யா இது?”

“புழு சார்.”

“உசுரோடவா?”

“பிளாஸ்டிக் சார்.”

“ஒரு தடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக்குக்கு 2019லேயே தடை போட்டாச்சு, தெரியும்ல?”

“ஒரு தடவைகூட யூஸ் பண்ணல சார்.”

அவர் சொன்னது சத்தியம். ஏனென்றால் அவருக்குத் தோதான தட்பவெப்பம் உலகத்தில் அமையவில்லை. கீழே போடி வெயிலில் புழு எண்ணெய் கசிந்து தொளதொளவென்று ஆகிவிடுகிறது, கொக்கியில் நிற்காது. நாலாயிரம் அடிக்கு மேலே போடிமெட்டுப் பனியில் விறைத்துக்கொள்கிறது, வால் ஆடாது. “சரியான பதம் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல வருது” என்று ஆராய்ந்து வைத்திருக்கிறார். மொத்தம் 17 வளைவு. ஒன்பதாவதில் தண்ணீர் மட்டும் இல்லை.

மெட்டில் ஜீப்புகள் நிற்கிற இடத்து டீக்கடையில் இவர் கேட்பது டீ அல்ல. “ஒரு கிளாஸ் சுடுதண்ணி மட்டும் மாஸ்டர்.” வளைந்துபோன வாலை அதில் முக்கி, எண்ணிப் பத்து வரை வைத்து, எடுத்துத் தட்டில் நேராகக் கிடத்தி ஊதுவார். வால் சொன்னபடி கேட்கும். தோட்டத்துக்குப் போகிற அக்காமார்கள் தூக்குவாளியோடு சுற்றி நின்று பார்ப்பார்கள். மாஸ்டர் அந்த கிளாஸைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்; இவர் வந்தால் அதில்தான்.

நல்ல குணமும் உண்டு. அறுந்த துண்டு எதையும் தண்ணீரில் போட மாட்டார். மீன் விழுங்கினால் அதன் வயிற்றில் அப்படியே தங்கிவிடும் என்று தெரியும். பொறுக்கி வந்து மறுபடி உருக்குவார். மற்றவர்கள் கரையில் விட்டுப்போனதையும் பொறுக்குவார்.

கடைசியில் தங்கச்சி மகன் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிறு கண்மாய்க்குப் போனார்கள். குத்தகைக்காரரிடம் கேட்டாயிற்று. கீழே போட்ட ஜமுக்காளத்தில் பெட்டிகள் பரப்பியாயிற்று. பையன் கை தற்செயலாகக் கத்திரிப்பூ பாக்கெட்டில் பட்டுவிட, மாமா அசந்த நேரம் பார்த்து அதைக் கோத்து வீசிவிட்டான். இரண்டாவது வீச்சில் அல்லிக் கொடிக்குள் தண்ணீர் ‘பளார்’ என்றது. ராடு வில்லாக வளைந்தது. இழுத்துப் போட்டால், முழங்கை நீளத்துக்கு விரால்!

மாமா ஓடி வந்தார். குனிந்தார். மீன் வாயிலிருந்து புழுவைப் பதறாமல் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வால் நுனி இல்லை. லைட்டரை எடுத்து, எந்த இடத்தில் ஒட்டுப் போடலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரால் கரையிலும் நெளிந்து நகரத் தெரிந்த மீன். அது நிதானமாக நகர்ந்து, ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

“மாமா! மீனு போச்சு மாமா!”

“மீனு மார்க்கெட்ல கிடைக்கும் மாப்ளே” என்றார், லைட்டரைத் தட்டியபடி. “இந்தக் கலர் இப்ப வர்றதில்ல.”