அன்னதானச் சாம்பாரில் உப்புக் கூடியதைத் தெரிவிக்கும் முறை: ஓர் ஆய்வு

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் பக்தர்களுக்காகத் திண்டுக்கல் – ஒட்டன்சத்திரம் சாலையோரம் பந்தல் போட்டுச் சோறு போடும் குழுக்கள் உண்டு. சம்பளம் வாங்குபவர் அங்கே எவருமில்லை. இந்த ஒரே காரணத்தால், சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் அதை யார், எப்போது, யாரிடம் சொல்வது என்பது அறிஞருலகம் இதுவரை தொடத் துணியாத சிக்கலாக இருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, “என்னய்யா சாம்பார் இது?” என்று கேட்கும் உரிமை அந்தப் பணத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பந்தலில் அண்டாவுக்கு முன் நிற்கும் மாமாவோ பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர். நடுச்சாமத்தில் விறகு பற்றவைத்தவர். புகையில் கண் சிவந்து, தோளில் துண்டோடு நிற்கும் அவரிடம் உப்பைப் பற்றி வாய் திறக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

முதலில் குற்றத்தின் தோற்றுவாய். சாமிக்குப் படைக்கும்வரை யாரும் ருசி பார்ப்பதில்லை. உப்பு கைக்கணக்குதான். மாமா போட்டுவிட்டு வெற்றிலை போடப் போவார். போட்டாயிற்றா என்று தெரியாமல் இன்னொரு புண்ணியவானும் ஒரு கை அள்ளிப் போடுவார். இதை ‘இரட்டை உப்பிடல்’ என்று இவ்வாய்வு குறிக்கும். ஆக, முதல் பந்தி உட்காரும்வரை உண்மை ஆண்டவனுக்கு மட்டுமே தெரியும். அவரும் சொல்வதில்லை.

சாப்பிடும் பக்தரும் சொல்ல மாட்டார். சாமி சோற்றில் குறை சொன்னால் நடந்த நடையெல்லாம் வீண் என்பது அவர் அச்சம். அவர் மோர் கேட்பார். வழக்கத்துக்கு முன்னதாக மோர் வாளி காலியாவது முதல் தடயம். இரண்டாவது தடயம் இலை: சாம்பார் பட்ட சோறு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும், பூசணித் துண்டுகள் கடிபட்டும் விழுங்கப்படாமலும் இருக்கும். இலை எடுக்கும் பையனுக்கு எல்லாம் தெரியும். அவனை ஆய்வாளர் எவரும் பேட்டி கண்டதில்லை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்கிறது. அவர் மனத்தில் இருந்தது நூல்தான் என்பார் பண்டிதர். அன்னதானக் கமிட்டியின் கணக்குக் கூட்டத்தில் ஒரு தரம் உட்கார்ந்தவர் அப்படிச் சொல்லார். “சாம்பார் கொஞ்சம்...” என்று தொடங்கி, மாமா முகத்தைப் பார்த்ததும் “சரி விடுங்க, சாமி காரியம்” என்று முடிப்பது சென்று தேய்ந்து இறுதல். “நல்லாத்தான் இருந்துச்சு, வாயிலதான் வைக்க முடியல” என்பது மாறுகொளக் கூறல். உப்பில் ஆரம்பித்து, போன வருசத்து மைக் செட் வாடகைக்குப் போய், அங்கிருந்து யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் மொய் வைக்கவில்லை என்பதில் வந்து நிற்பது மற்றொன்று விரித்தல். பத்தில் இதுவே கொடியது. அடுத்த தைப்பூசத்துக்கு அதே சாலையில் கூப்பிடு தூரத்தில் இன்னொரு பந்தல் முளைப்பதற்கு மூலகாரணம் இதுதான். (பக்தர்களுக்கு இதில் நட்டமில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.)

அதே நன்னூல் ஆசிரியர்க்குரிய மதங்கள் ஏழு என்று வகுத்து, பிறர் நூலில் குற்றம் காட்டுவதை ஆறாவதாக வைத்திருக்கிறது. முதலாவது உடன்படல். மூன்றாவது, பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பிறகு களைதல். நம் சிக்கலுக்கு மருந்து இந்த மூன்றாவதில் இருக்கிறது. களத்தில் அது நடக்கும் விதம் இது.

ராத்திரி முழுக்க வெங்காயம் உரித்த ஒருவர் அண்டாவுக்கு வருகிறார். “மாமா, செத்த தள்ளுங்க, எம்புட்டு நேரந்தான் நிப்பீங்க” என்று கரண்டியை வாங்கி இரண்டு கிண்டு கிண்டுகிறார். பிறகு, பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு: “பெருங்காயம் ரோடு வரைக்கும் மணக்குது மாமா. உப்பு மட்டும் லேசா தூக்கலா இருக்குமோ? வெந்த பருப்பு ஒரு குண்டான் மிச்சம் கெடக்கு. ஊத்திருவமா?”

இரண்டாம் பந்திக்கு இன்னும் இலை போடவில்லை என்பதைக் கவனிக்க. பரிகாரம் குண்டானில் தயாராக இருப்பதையும் கவனிக்க. மாமா நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, “அப்பவே நெனச்சேன்” என்பார். இது வரலாற்றுப்படி பொய். ஆயினும் மறுக்கும் ஆய்வாளர் ஆய்வுக்கே தகுதியற்றவர். பருப்பு உள்ளே போகிறது, புளித் தண்ணீர் கொஞ்சம், இன்னொரு கொதி, விசயம் முடிந்தது.

வெங்காயம் உரிக்காமல், வெள்ளை வேட்டி கசங்காமல் வந்து, பந்தி நடுவே நின்று “யாருப்பா உப்புப் போட்டது?” என்று முழங்குவோர் தனிவகை. இவர்களுக்கென்று குழுக்கள் நெடுநாளாகக் கையாளும் தண்டனை ஒன்றுதான்: அடுத்த ஆண்டு உப்பு அவர் பொறுப்பு. அப்படிப் பொறுப்பேற்ற ஒருவரிடம் சாம்பார் கரிக்கிறதே என்று மெல்லக் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “கரிக்கட்டுமேய்யா. வேர்த்து ஊத்திக்கிட்டு நடக்குற சனம், உடம்புக்கு உப்பு வேணாமா?”