குழாய்க்குள் ஓர் அன்னசத்திரம்

நம் குடிநீர் அதிகாரிகளின் ஈகையை இதுவரை யாரும் முறையாகப் பாராட்டவில்லை. கிருமியைக் கொன்றோம் என்பதோடு நிற்பவர்களா அவர்கள்? தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு குழாய்க்குள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று, தண்ணீரிலேயே சாப்பாட்டையும் கரைத்து அனுப்புகிறார்கள். ஏரி நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் ஒரு சிறு பங்கு பாக்டீரியா உடனே செரித்துக்கொள்ளக் கூடியது. அது எவ்வளவு என்று இவர்கள் அளப்பதே இல்லை. கொடுப்பதை எண்ணிப் பார்ப்பவன் என்ன கொடையாளி!

நெதர்லாந்துக்காரர்கள் இருக்கிறார்களே, படுகஞ்சர்கள். டிக் வான் டெர் கோய் என்ற நுண்ணுயிரியலாளர் தம் சகாக்களோடு 1982இல் இதற்கென்றே ஒரு சோதனையை வெளியிட்டார். தண்ணீரைச் சூடாக்கி அதிலுள்ள கிருமிகளை ஒழித்துவிட்டு, பி17 என்ற சூடோமோனாஸ் பாக்டீரியாவைக் கொஞ்சம் விடுவது. அது எதுவரை பெருகுகிறது என்று பொறுமையாக எண்ணுவது. அசிட்டேட்டாக ஒரு மைக்ரோகிராம் கார்பன் கிடைத்தால் சுமார் 41 லட்சமாகப் பெருகும் என்பது கணக்கு. ஆக, தலையை எண்ணினால் சாப்பாட்டின் அளவு தெரிந்துவிடும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் குளோரின் இல்லாமலே தண்ணீர் கெடாது என்று கண்டு, அப்படியே வீடுகளுக்கு விடுகிறார்கள். வந்த விருந்துக்கு இலை போடத் தெரியாத ஜனங்கள்.

நம்மவர்கள் வசதி வந்தால் ஓசோன் வைப்பார்கள். அது பெரிய மூலக்கூறுகளை நறுக்கி, கடிக்கச் சிரமப்படும் பாக்டீரியாவுக்குப் பிசைந்த சோறாகத் தரும். அந்தத் துண்டுகளை நிலையத்திலேயே தின்று தீர்க்கும் உயிர்ப்படலக் கரி வடிகட்டியை அடுத்து வைப்பதுதான் முறை. ஆனால் பந்தியில் பரிமாறியதை வழியிலேயே பிடுங்க இவர்களுக்கு மனம் வருமா?

இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 இன்னும் நாகரிகமானது. குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்று சொல்லும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காது. கடைசித் தெருவை எட்டுமுன் குளோரின் சோர்ந்துவிடும், சாப்பாடு மிஞ்சும், நம் வெயில் குழாயை இதமாக வைத்திருக்கும். அங்கே யாராவது குழாய் உள்ளே வழவழக்கிறது என்று புகார் சொன்னால், நிலையத்தில் எடுத்த மாதிரியின் அறிக்கையைக் காட்டுவார்கள்: கோலிஃபார்ம் இல்லை. பொய்யே கிடையாது, நிலையத்தில் இல்லைதான். அதற்கும் அடங்காமல் முணுமுணுத்தால் குளோரினைக் கூட்டுவார்கள். குளோரினும் கரிமப் பொருளைக் கொஞ்சம் நறுக்கிக் கொடுக்கும் என்பதால், அதிலும் ஒரு கவளம் கூடுதலாகவே விழும்.