பி.எட். செயலாராய்ச்சியில் டி.டி.பி. சென்டர் அக்காவின் பங்கு: ஓர் ஆய்வு

1.0 முன்னுரை

கல்வி மனிதனைப் பண்படுத்துகிறது. இந்த வாக்கியம் இல்லாமல் எந்தக் கல்வியியல் அறிக்கையும் தொடங்கியதாகச் சான்றில்லை. எனவே இங்கும் இடப்படுகிறது.

1.1 ஆய்வின் தேவை

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பி.எட். படிப்பை ஈராண்டாக்கியது, அதில் 20 வாரமாவது பள்ளியில் பயிற்சி என்றது. அத்தனை வாரம் வகுப்பறையில் நிற்பவர் ஒரு சிக்கலையாவது கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்ததைப் பயிற்சி முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும். தீர்த்ததைக் கறுப்புக் காலிகோ அட்டை போட்டு, பொன்னெழுத்து பொறித்து, மூன்று படிகள் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பெயர் செயலாராய்ச்சி.

1946இல் இதைப் பற்றி எழுதிய கர்ட் லெவின், இனக்குழுக்களுக்கு இடையிலான பகையைத் தீர்க்க வழி தேடினார். திட்டமிடு, செய், என்ன ஆயிற்று என்று பார், மறுபடி திட்டமிடு என்று அது சுழன்றுகொண்டே போகவேண்டும் என்றார். 'மறுபடி'க்கு நம் கால அட்டவணையில் இடமில்லை. ஆகவே அவர் சொன்ன சுழல், வரைவுப் படிக்குப் போடும் ஸ்பைரல் பைண்டிங்கோடு நின்றுவிட்டது.

1.2 கலைச்சொல் விளக்கம்

மாணவர்: ஏழாம் வகுப்பில் படிப்பவர்.
ஆய்வாளர்: இதை எழுதுபவர், மதுரைக்காரர்.
வழிகாட்டி: கையொப்பமிடுபவர்.
அக்கா: கல்லூரிக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர். விரிவுக்கு 3.1 காண்க.

2.0 தொடர்புடைய ஆய்வுகளின் மீளாய்வு

மீளாய்வு செய்யப்பட்டது.

3.0 ஆய்வு முறை

எடுத்துக்கொண்ட சிக்கல்: ஏழாம் வகுப்பினரின் ல, ள, ழ மயக்கம். முன்தேர்வு வைக்கப்பட்டது. அடுத்து இடையீடு: 'வாழைப்பழம்' என்று சரியாகச் சொன்னால் ஒரு வாழைப்பழம். அதன்பின் பின்தேர்வு. மொத்தம் 31 பிள்ளைகள்.

3.1 அக்கா

வழிகாட்டியை ஆய்வாளர் சந்தித்தது இருமுறை. அக்காவைச் சந்தித்தது நாள்தோறும். ஆய்வு முறையியல் முழுவதும் அக்காவிடமே இருக்கிறது. "தம்பி, தலைப்பை மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் ஃபைல்ல இருக்கு" (அக்கா, வாய்மொழி).

உண்மையிலேயே இருந்தது. ஆய்வின் நோக்கம், எல்லைகள், கருதுகோள், பரிந்துரைகள் எல்லாம் தயாராக, மாவட்டத்தின் பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு விட்டு வைக்கப்பட்டிருந்தன. இது கருத்துத் திருட்டு ஆகாதா என்று ஆய்வாளர் அஞ்சினார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. "பத்து பர்சன்ட்டா? உங்க பேரு, ரோல் நம்பர், ஸ்கூல் பேரு, அதுவே பத்து பர்சன்ட் புதுசுதானே தம்பி" (அக்கா, மேற்படி, லேமினேஷன் இயந்திரம் சூடாகும் இடைவெளியில்). விதியை அக்கா தலைகீழாகப் படித்திருந்தார். துறை நூலகத்து அலமாரியில் உள்ள ஏடுகளைப் புரட்டியபோது, பெரியவர்கள் பலரும் அவ்வாறே படித்திருப்பது தெரிந்தது.

அடுத்து, முன்தேர்வு மதிப்பெண்ணையும் பின்தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிடும் டி-சோதனை. இதை 1908இல் வெளியிட்ட வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். தம் பெயரைப் போடாமல் 'மாணவர்' என்ற புனைபெயரில் எழுதினார். அந்தப் பீர் ஆலைக் கணக்கு இல்லாமல், இறைவணக்கத்தோடு நாளைத் தொடங்கும் நம் கல்லூரிகள் எந்த அறிக்கையையும் ஏற்பதில்லை. கல்வியியலில் மாணவர் ஒருவர் உருப்படியாகச் செய்த ஆய்வு அது ஒன்றுதான் என்றும் சொல்வார்கள்.

30 பேருக்கு ஒப்பிட வேண்டிய அட்டவணை மதிப்பு ஏறத்தாழ 2.05. அக்காவின் ஃபைலில் இருந்தது 1.96, அது மிகப் பெரிய மாதிரிக்கு உரியது. ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டினார். "இதுவரைக்கும் எந்த எக்ஸ்டர்னலும் கேட்டதில்ல" (அக்கா, மேற்படி, மின்வெட்டின்போது, இன்வெர்ட்டர் வெளிச்சத்தில், இரண்டாம் தேநீருக்குப் பின், திருத்திய பதிப்பு). அந்த அட்டவணை மதிப்புக்கு அடிப்படையான 0.05 என்ற எல்லையை 1925இல் வைத்த ரொனால்டு ஃபிஷர், அப்படி வைத்துக்கொள்வது வசதி என்றுதான் எழுதினார். 'வசதி' என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அறிஞர் அவருக்குப் பிறகு அரிது.

3.2 மாதிரி

31 பேர் எப்படி 30 ஆனார்கள் என்பதை விளக்க வேண்டும். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பின்தேர்வில் வெள்ளைத்தாளை நீட்டினான். பூஜ்யம் சராசரியை இழுத்தது. "அந்த ஒருத்தனைத் தூக்கிடுங்க தம்பி, முப்பதுன்னா டேபிளும் அழகா நிக்கும்" (அக்கா, மேற்படி, ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் மவுஸ், பின்னால் கல்யாணப் பத்திரிகைக்கு மூவர் காத்திருக்க, வெளிவராத உரை). பையன் தூக்கப்பட்டான்.

4.0 கண்டுபிடிப்புகள்

கருதுகோள் நிராகரிக்கப்பட்டது. இடையீடு பயனளித்தது. ஆண், பெண் வேறுபாடு இல்லை. வாழைப்பழம் மிச்சமில்லை.

4.1 கூடுதல் கண்டுபிடிப்பு

அட்டைக்கான தலைப்பை ஆய்வாளர் அவசரத்தில் கைப்பேசியில் சொன்னார். காதில் விழுந்ததை அக்கா பிசகாமல் அடித்தார். அச்சாகி, பொன்னெழுத்தில் பொறித்து, மூன்று படிகளும் வந்தன: 'ஏழாம் வகுப்பு மாணவர்களின் எழுத்துப் பிளைகளை நீக்குதல்.'

வழிகாட்டி கையொப்பமிட்டார். முதல்வர் கையொப்பமிட்டார். புறத்தேர்வாளர் இடப்பக்க ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ஒன்றரை அங்குலம் இருக்கக் கண்டு மகிழ்ந்து கையொப்பமிட்டார். மூவர் கையொப்பங்களும் தலைப்புக்குக் கீழேதான் இருக்கின்றன.

ஒரு படியைப் பள்ளிக்குக் கொடுக்கப் போனபோது, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே சாக்பீஸ் டப்பாவோடு நின்ற பையன் ஒருவன் பொன்னெழுத்தை விரலால் தடவிப் படித்தான்.

"சார், பிழைக்கு வாழைப்பழ ழதானே சார்?"

"உனக்குத் தெரியுமாடா? அப்புறம் ஏன் அன்னைக்கு வெள்ளைத்தாளைக் குடுத்தே?"

"பேனா இல்ல சார்."

5.0 மேலாய்வுக்கான பரிந்துரை

இதே ஆய்வை ஆய்வாளர்களையும் வழிகாட்டிகளையும் மாதிரியாகக் கொண்டு நிகழ்த்தலாம். வாழைப்பழச் செலவு கூடும்.

அந்தப் பையன் மாதிரியில் இல்லாததால், அவன் கூற்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.