முள்மேல் நாலணா: ஒரு முன்னாய்வு

ரெக்கார்டு பிளேயர் பேணுதல் குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இல்லை. இல்லையே என்று இதுவரை ஒருவரும் வருந்தவில்லை என்பது அக்குறையின் ஆழத்துக்குச் சான்று. ஆகவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் பெயர். தட்டின் காடியில் ஓடும் உறுப்பை முள் என்பாரும் ஊசி என்பாரும் உளர். முள் குத்தும், ஊசி தைக்கும், இதுவோ இரண்டும் செய்யாமல் உரசிக்கொண்டே போகிறது. எனினும் ‘உரசி’ என்று புதுச்சொல் படைத்தால் அதற்கொரு கருத்தரங்கு கூட்ட வேண்டிவரும். முள் என்றே கொள்க.

பேணுதல் ஐவகைப்படும்.

துடைத்தல்: வேட்டி முனை ஆகாது (அப்பா மாறுபடுவர்). பழைய அரக்குத் தட்டை ஆல்கஹாலால் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரையும், பிறகு துடைக்க ஒன்றும் இராது.

மட்டம் பார்த்தல்: கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்குக.

பெல்ட்: ரப்பர் தளர்ந்தால் பாடகி பாடகராவார், மாற்றுக.

வேகம்: 1948இல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்; அதாவது சுற்றுக்கு 1.8 வினாடி. இந்த 1.8ஐ வாசகர் நினைவில் வைக்க, பின்னால் வேண்டியிருக்கும். 180 கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டையைச் சுழலவிட்டு, நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சோக் வைத்த ட்யூப்லைட்டின் கீழ் பார்த்தால், வேகம் சரியாயின் கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.இ.டி.க்கு மாறிய வீடுகளில் இவ்வறிவு அழிந்தது.

இனி பாரம். முந்தைய நான்கும் இதற்கு முகவுரையே.

முள் துள்ளினால் அதன் தலைமேல் நாலணா வைக்க வேண்டும் என்பது தொல்வழக்கு (பெரியப்பா, வாய்மொழி). எந்த நாலணா? இங்குதான் காலப்பகுப்பு இன்றியமையாததாகிறது. செப்பு நிக்கல் நாலணா 2.5 கிராம். 1988இல் தொடங்கிய காண்டாமிருக நாலணா எஃகு, 2.83 கிராம். எண்பதுகளின் கடைசியில் பாட்டெல்லாம் கெட்டுப்போயின என்ற கொள்கைக்கு (பெரியப்பா, மேற்படி, உரக்க) இதுவரை இசையமைப்பாளர்களே காரணம் காட்டப்பட்டனர். உண்மைக் காரணம் 0.33 கிராம்.

அடுத்த சிக்கல்: சிங்கமுகம் மேலே வர வேண்டுமா, காண்டாமிருகமா? சிங்கம் மேலே வந்தால் அழுத்தம் கூடும் என்பது பெரியப்பா பள்ளி. காண்டாமிருகமே கனமான விலங்கு, எனவே அதுவே மேலே என்பது எதிர்ப்பள்ளி (சித்தப்பா, மறுப்புரை, தாழ்வாரத்தில், பெரியப்பா குளிக்கப் போயிருந்தபோது). நகைக்கடைத் தராசில் இருபுறமும் வைத்து நிறுத்தேன்; எடை ஒன்றே. இதை முன்பே ஒருவர் செய்திருக்கலாம். ஆனால் நிறுத்துப் பார்த்தபின் வாதத்துக்கு என்ன இருக்கிறது? காலம் கணிப்போரும் கல்வெட்டைப் போய்ப் பார்ப்பதில்லையே.

காசு வைத்ததால் தட்டின் காடி தேய்ந்தது என்பது தனிக் கதை. அதை இருபள்ளிகளும் பேசா.

2011 ஜூன் 30 முதல் நாலணா செல்லாக்காசு ஆனது. வேறு வழியின்றி நானும் மேம்பாட்டில் இறங்கினேன். புதுப் பிளேயரில் முள்தண்டின் வாலில் எதிர்ப்பாரம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ். முள்ளின் பாரம் 1.8 கிராம். ஆம், இங்கும் 1.8. தற்செயல் என்பார் ஆய்வறியார். கிராமில் நூறிலொரு பங்கு காட்டும் குட்டித் தராசும் வாங்கினேன். தராசு சரியா என்று பார்க்க இன்னொரு தராசும் வாங்கினேன்.

பலன் வருமாறு. எங்கள் வீட்டு எல்.பி. ஒன்றில், இரண்டாம் சரணத்தில், பழைய முள் என்றும் ஒரு காடி தாவும். ஒரு காடி என்பது ஒரு சுற்று. ஒரு சுற்று 1.8 வினாடி, 1.8 வினாடி என்பது அப்பாட்டில் மூன்று சொல். புதுமுள் தாவவில்லை. அம்மூன்று சொற்களும் முதன்முறையாக எங்கள் கூடத்தில் ஒலித்தன. உடனே எழுந்தது மறுப்பு: “இது யாருடா நடுவுல சேத்தது? பாட்டுல இது கிடையாது.” (அம்மா, உரைமேல் உரை, அடுக்களையிலிருந்து, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, முகம் காட்டாமல், பிற்பகுதி மிக்ஸியால் சிதைவு.)

அம்மூன்று சொற்களும் இடைச்செருகல் என்பது அம்மாவின் துணிபு. நாற்பது ஆண்டுப் பாட மரபு அவர் பக்கம் நிற்கிறது. என் பக்கம் ஒரு தட்டுதான். தட்டு இயற்றியவர் காலத்தது என்று வாதிட்டேன். அன்று இரவு தோசைக்குச் சட்னி இல்லை.

அந்தத் தட்டின் இன்னொரு படி இருந்தால்தான் ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முடியும். வைத்திருப்போர் அருள்கூர்ந்து கொண்டுவர வேண்டுகிறேன். துடைத்துக் கொண்டுவருக; வேட்டி முனையால் வேண்டாம்.