அடுத்த விபத்தின் திகதியைத் தெரிவிக்கவும்

கிளிநொச்சி நகரத்தில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் எவரோ, அவருக்கு,

ஐயா அல்லது அம்மணி,

சென்ற கிழமை எங்கள் படலையில் ஒரு படிவம் செருகியிருந்தது. நகரத்தை மேம்படுத்தப் போகிறார்களாம். குடியிருப்பாளர் ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான மூன்று விடயங்களை முன்னுரிமைப்படி எழுதித் தர வேண்டுமாம். மூன்று கோடு போட்டிருந்தது. யார் அனுப்பியது என்று மட்டும் போட்டிருக்கவில்லை. யாருக்குப் பதில் எழுதுவது என்று யோசித்ததிலேயே எனக்கு இரண்டு இரவு போய்விட்டது.

ஏ-9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதைவிடச் சின்ன வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்துக்குச் சொந்தம். எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறுகிற வாயிலில் ஒரு கிடங்கு உண்டு. அதில் பாதி ஒருவருக்கு, பாதி இன்னொருவருக்கு. எல்லை பாராமல் இரண்டு பாதியையும் நிரப்புவது மழை ஒன்றுதான்.

சரி, நாங்கள் தெரிவு செய்தவருக்கே எழுதலாம் என்று பார்த்தேன். வட மாகாண சபையை 2013 செப்டெம்பரில் ஒருமுறை தெரிவு செய்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. பிறகு அந்தத் தேர்தல் வரவில்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் வைக்கக் காசில்லை என்றார்கள். 2025 மே 6 வரை இரண்டு வருடம் கதிரைகள் காலியாகக் கிடந்தன. அந்த இரண்டு வருடமும் நகரம் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது என்பதைச் சொல்லலாமா, விடலாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மைத்துனர்தான் வழி சொன்னார். "அத்தான், பெயரைப் போடாதேங்கோ. நீங்கள் பெயர் போட்டு முடிக்க அவர் மாற்றலாகிப் போயிடுவார்."

அதனால்தான் மேலே அப்படி விளித்திருக்கிறேன்.

இனி முன்னுரிமைகளுக்கு வருகிறேன். முதற் கோட்டில் எதை எழுதலாம் என்று, இந்த ஊருக்கு இதுவரை எது எப்படி வந்தது என்பதை எண்ணிப் பார்த்தேன்.

2016 செப்டெம்பர் 16ஆம் திகதி இரவு எங்கள் பொதுச் சந்தை எரிந்தது. உடுப்புக் கடைகள், பழக் கடைகள் எல்லாம் போயின. கிளிநொச்சி 1984இல் மாவட்டமானது. 32 வருடம் கழிந்தும் மாவட்டத் தலைநகரில் ஒரு தீயணைப்பு வண்டி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து, 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வர வேண்டியிருந்தது. ஆனையிறவைத் தாண்டி, பரந்தனைத் தாண்டி வரும்வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லி நெருப்பிடம் எவரும் விண்ணப்பிக்கவில்லை. வாளியும் பவுசருமாக ஊர் நின்றது. இப்போது எங்கள் ஊரிலும் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. சந்தை எரிந்த பிறகு வந்தது.

அடுத்தது ரயில். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. நானும் போய்ப் பார்த்தேன். கண் கலங்கியது, மறைக்கவில்லை. ரயில் வந்தது, படலை வரவில்லை. வன்னி நெடுகிலும் பாதுகாப்பற்ற கடவைகள். சில சாவுகள் விழுந்த பிறகு, பொலிசார் மூலமாகக் கடவைக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். நாள் ஒன்றுக்கு 250 ரூபா. ஒரு சோற்றுப் பார்சலுக்கும் காணாத காசுக்கு, வெயிலிலும் மழையிலும் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊரின் உயிரைக் காத்தார்கள். சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள் என்று அவர்கள் போராடிய நாட்களில்தான் அப்படிச் சிலர் அங்கே நிற்பதே பலருக்குத் தெரிய வந்தது.

பிறகு இரணைமடு. குளத்தைப் புனரமைத்து, 36 அடி தண்ணீர் நிற்கும்படி உயர்த்தினார்கள். 2018 டிசெம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். இரண்டு கிழமை கழித்துக் கொட்டிய மழையில் வான்கதவுகளை மறுபடி திறக்க வேண்டி வந்தது. இந்த முறை நாடாவும் கத்தரிக்கோலும் இல்லை. கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம். கதவை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, வெள்ளம் வடிந்த பின்னர் விசாரணைக் குழு வந்தது.

இவற்றை எழுதி வைத்துவிட்டுத் திரும்ப வாசித்தபோது உங்கள் நடைமுறை எனக்கு விளங்கிவிட்டது, ஐயா. தேவையை எழுதிக் கேட்டால் அது கோப்பு. விபத்தாக நடத்திக் காட்டினால் அது விண்ணப்பம். நாங்கள் இத்தனை காலமும் பிழையான படிவத்தையல்லவா நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்!

ஆகவே இந்த மூன்று கோட்டிலும் தேவைகளை எழுதுமாறு கேட்பது இரு தரப்புக்கும் காலவிரயம். வருகிற வருடத்துக்கான விபத்து நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட்டு உதவவும். எந்த வசதிக்கு எந்த விபத்து, எத்தனை பேர், எந்த மாதம் என்று தெரிந்தால் நாங்களும் ஆட்களை ஒழுங்கு செய்ய வசதியாக இருக்கும். விதானையார் மூலம் அறிவித்தாலும் போதும்.

எண்ணிக்கை விடயத்தில்தான் எனக்குப் பெரிய மயக்கம். கட்டாக்காலி மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். (அவற்றை வீதியிலிருந்து எடுக்க முடியாது, பேச்சுக்குத்தான்.) காலபோகம் விதைத்தவுடன் வயல்களில் மாடு இறங்க முடியாது. காட்டுப் பக்கம் ஓட்டினால் வன இலாகாவின் எல்லைக்கல். மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்று மாடு வளர்ப்பவர்கள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். மாடு என்ன செய்யும்? ஏ-9க்கு வரும். பகலெல்லாம் வெயில் குடித்த தார் இரவில் கணகணவென்று இருக்கும். லொறி போகிற காற்றில் நுளம்பும் அண்டாது. சூடு, காற்றோட்டம், நகரின் மத்தியில் இடம் என்று சகல வசதியும் பெற்ற ஒரே குடியிருப்பாளர் இந்த ஊரில் மாடுதான். கறுத்த மாடு, கறுத்த வீதி, கறுத்த இரவு. மோட்டார் சைக்கிளில் வருகிற பெடியனுக்கு அது மாடு என்று தெரிவது மோதிய பிறகு.

பிடித்தும் பார்த்தார்கள். தண்டப்பணம் என்றார்கள். மாட்டை மீட்க வந்தவர்கள் குறைவு. காலையில் பாலுக்கு அது ஒருவருடைய மாடு. இரவு விபத்துக்கு அது எவருடைய மாடும் அல்ல.

இந்த விடயத்தில் விபத்துக்குக் குறைவில்லை என்பதைக் கவனிக்கவும். ஆனால் எங்கள் சனம் ஒவ்வொருவராக அடிபடுகிறார்கள். இன்று ஒருவர், பத்து நாள் கழித்து இன்னொருவர். ஒழுங்கு தெரியாத சனம். இப்படிச் சில்லறையாகச் செத்தால் கணக்கில் ஏறாது என்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. குறைந்தபட்சத் தொகை எத்தனை? ஒரே நாளில் நடக்க வேண்டுமா, ஒரு மாதத்துக்குள் என்றாலும் ஏற்பீர்களா? பிரமுகர் ஒருவர் எத்தனை சாதாரண ஆட்களுக்குச் சமன்? இந்த மாற்று விகிதத்தை வெளிநாட்டுக் காசின் விலையைப் போல அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நல்லது.

மஞ்சள் கடவைக்கும் இதே சிக்கல். (வெள்ளைக் கோடு அடித்து எத்தனையோ காலமாகியும் இங்கே அதன் பெயர் மஞ்சள் கடவைதான். நிறம் மாறினாலும் எந்த வாகனமும் நிற்பதில்லை, ஆகவே பெயரை மாற்றவும் அவசியம் வரவில்லை.) தெருவிளக்கு, கழிவு வாய்க்கால் பற்றியெல்லாம் எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். அவற்றுக்குத் தேவையான ஆட்களை வாய்க்கால்கள் தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

எனக்கு உண்மையாகவே வழி தெரியாத விடயம் ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் உங்கள் ஆலோசனை வேண்டும்.

அக்கராயனிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் பெண்கள் காலை பஸ்ஸில் நகரத்துக்கு வருகிறார்கள். கச்சேரியில் ஒரு கையெழுத்து, வங்கியில் ஒரு வரிசை, ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு, கடைசியாகச் சந்தை. பின்னேர பஸ்ஸில்தான் திரும்பிப் போகலாம். அதுவரை அவர்கள் நம்பி ஒதுங்க நகரத்தில் ஓர் இடம் வேண்டும். கட்டடம் இருக்கும், பூட்டும் இருக்கும். திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். திறந்திருக்கிற நாளில் தண்ணீர் இராது, தண்ணீர் வருகிற நாளில் கொளுக்கி இராது. என் மனைவியின் வழி எளிது. நகரத்துக்குப் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். அவளோடு பஸ்ஸில் வருகிறவர்களும் அப்படித்தானாம். கிளிநொச்சி வெயிலில், பகல் முழுவதும். வெட்கத்தில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் எல்லாரும் செய்கிற விரதம்.

இதை எந்த விபத்தாக்குவது, ஐயா? சத்தமில்லை, இரத்தமில்லை. எந்தப் பொலிஸ் புத்தகத்தில் பதிவார்கள்? பத்து வருடம் கழித்துச் சிறுநீரகக் கிளினிக்கில் வரிசையில் இருக்கும்போது அது சந்தைக் கட்டடத்தின் பூட்டால் வந்தது என்று எவர் எழுதித் தருவார்? எரிவதும் மோதுவதும் பெருகுவதும் உங்கள் கண்ணில் படுகின்றன. அடக்கிக்கொண்டு இருப்பதைப் படம் எடுக்க முடியாது.

விபத்தே இல்லாமல் காசு வந்த வரலாறும் வன்னியில் உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும். வவுனியாவுக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் வந்தது. ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016இல் அரசியல்வாதிகள் பிரிந்து நின்று சண்டை பிடித்தார்கள். கடைசியில் இரண்டும் இல்லாமல் மூன்றாவது இடம் ஒன்றில் கட்டினார்கள். கட்டி முடித்து வருடக்கணக்காகப் பூட்டி வைத்தார்கள். விபத்துக்கு முதலே கட்டடம் வந்துவிட்டதால், அதை வைத்து என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லைப் போலும்.

எங்கள் பக்கத்தில் விழுந்த பொருளுக்குத்தான் மதிப்பு. யுத்தத்தின் முடிவில் சரிந்த அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கி பல வருடம் காட்சிப் பொருளாகக் கிடந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். சுற்றிப் புல் வளர்த்து, பலகை நட்டு, பக்கத்தில் நினைவுப் பொருள் விற்கிற கடையும் வைத்தார்கள். தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டித்தான் நாங்கள் கானோடு பவுசருக்குப் பின்னால் ஓடினோம். நிமிர்ந்து நிற்கிற தாங்கியோடு சேர்ந்து நின்று படம் எடுத்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கு விசாரிக்க வேண்டும். அழிவுதான் தகுதி என்றால் எங்களுக்குப் பழைய மீதி கொஞ்சம் இருக்கிறது. 1996இல் ஒருமுறை, 1998இல் ஒருமுறை, 2009 ஜனவரியில் ஒருமுறை இந்த நகரம் கைமாறியது. ஒவ்வொரு முறையும் கூரை, கதவு, யன்னல் எல்லாம் புதிதாகத்தான் தொடங்கியது. அவற்றை இந்த விண்ணப்பத்தில் வரவு வைக்க முடியுமா, அல்லது காலாவதியாகிவிட்டதா? வரவு வைக்கலாம் என்றால் ஒரு சந்தை மலசலகூடத்தின் திறப்புக்கு அது காணும் என்று நினைக்கிறேன்.

காணாது என்றால் நானே முன்வருகிறேன். வயது 67. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. விடிய ஆறு மணிக்குப் பாண் வாங்க, காவலாள் இல்லாத கடவையால் சைக்கிளில் வருகிறவன். நான் நேரம் தவறுவதில்லை. ரயில்தான் நேரத்துக்கு வருவதில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைகாசியில் எனக்கு வசதிப்படாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போவதாக நேர்த்தி வைத்திருக்கிறேன். ஆவணியில் பேத்தியின் கல்யாணம். புரட்டாதி முடிய விதைப்பு வேலை தொடங்கிவிடும், ஆள் பிடிப்பது கஷ்டம். மற்றைய மாதங்களில் எந்தக் கிழமையும் சம்மதம், வெள்ளி மட்டும் வேண்டாம், மனிசி விரதம்.

திகதியை இரண்டு கிழமைக்கு முன்னரே அறிவித்தால் சைக்கிளை மைத்துனரிடம் விட்டுவிட்டு நடந்து வருவேன். பின் சில்லுக்குப் புது டயர் போட்டு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

இப்படிக்கு,
கிளிநொச்சிக் குடியிருப்பாளர் ஒருவர்