சலியாத சாரதியும் சலியாத வண்டியும்

கேள்வி: மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் சலிக்காத வாடகை வண்டி எது? பழையது வாங்க உத்தேசம்.
— ஒரு வாசகர், பிரேசர் டவுன், பெங்களூர்

பதில்: வெகுதூரம் தேட வேண்டாம், தங்கள் நகரை அடுத்து, மைசூர் சாலையிலுள்ள பிடதியிலே பிறந்து, 2000-இல் வீதிக்கு வந்த குவாலிஸும், 2005-இல் அதன் ஸ்தானத்தை ஏற்ற இன்னோவாவுமே, ஏணி போன்ற எஃகுச் சட்டத்தின்மீது உடலைத் தாங்கி, நிதானமாய்ச் சுழலும் டீசல் இயந்திரத்தின் பலத்தால், திருப்பதிக்கும் ஊட்டிக்கும் யாத்திரிகரைச் சுமந்தே தம் கீர்த்தியை நிலைநாட்டியவை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும் எந்த இயந்திரமும் சிரஞ்சீவியன்று. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றியவருக்கே அது விசுவாசமாயிருக்கும். இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகளுக்கே சேதம். விலை பேசுமுன், அதை மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.